அஞ்சல்வழிப் புவியியற் கல்வி

மலை, ஆறு, கடல், காற்று, மக்கள் வாழ்க்கை ஆகியவை ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பை ஆராயும் கலை புவியியல் ஆகும். அக்கலை ஏட்டில் தொடங்கினும் ஏட்டோடு முடிவதன்று. ஆற்றங்கரையில் நின்று நீரோட்டத்தை அளத்தல், பாறையைக் கையிலெடுத்து அதன் இயல்பை அறிதல், ஊரூராய்ச் சென்று நிலம் பயன்படும் வகையை வரைபடத்திற் குறித்தல் ஆகியன அதற்கு இன்றியமையாதன. இத்தகைய கலையைக் கல்லூரி வாயிலை மிதியாமல் வீட்டிலிருந்தவாறே கற்றுப் பட்டம் பெறுதல் இயலுமா? இயலும் என்பதே விடை. ஆயினும், அஃது எவ்வாறு இயலும், எந்த அளவிற்கு இயலும், கற்பவரிடம் எதனை வேண்டி நிற்கும் என்பவை நாம் எண்ணிப் பார்க்கத்தக்கன.

தொலைவிலுள்ளார்க்குக் கல்வியைக் கொண்டு செல்லும் முயற்சி அஞ்சல் துறையின் வளர்ச்சியை ஒட்டிப் பெருகியது. 1840ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு பென்னிக் கட்டணத்தில் நாட்டின் எம்மூலைக்கும் கடிதம் செல்லும் முறை ஏற்பட்டது. அதனைப் பயன்படுத்திக்கொண்டு, ஐசக் பிட்மன் என்பார் தாம் கண்ட சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்பிய பயிற்சிகள் திருத்தம் பெற்று மீண்டும் அவர்தம் கைக்கே வந்து சேர்ந்தன. 1858ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் இதனினும் பெரியதொரு செயலைச் செய்தது. தாமே பயின்றவராயினும் தேர்வெழுதித் தேறினால் பட்டம் பெறலாம் என அது விதி வகுத்தது. எனினும் அன்று திறந்தது தேர்வுக் கூடத்தின் கதவே, வகுப்பறையின் கதவன்று. ஏழைத் தொழிலாளிக்குத் தேர்வெழுதும் உரிமை கிடைத்தது. கற்பிக்கும் ஆசிரியர் கிடைக்கவில்லை.

அக்குறையைப் போக்க எழுந்ததே பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அது 1969ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்று, 1971ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாடம் சொல்லத் தொடங்கிற்று. முன்னர்ப் பெற்ற சான்றிதழ் எதனையும் அது கேட்கவில்லை. கற்கும் விருப்பமே போதும் என்றது. பாட நூல்கள் அஞ்சலில் வந்தன. பி.பி.சி. நிறுவனத்தின் வானொலியும் தொலைக்காட்சியும் பாடங்களை ஒலி, ஒளி வடிவில் அளித்தன. அறிவியல் பயில்வோர் இல்லங்களுக்குச் சிறு நுண்ணோக்கியும் சோதனைக் கருவிகளும் அடங்கிய பெட்டிகள் சென்றன. மாணவர் கட்டுரைகளை ஆசிரியர் படித்து, குறை நிறைகளை எழுதித் திருப்பி அனுப்பினர். கோடைக்காலத்தில் மாணவர் ஒரு வாரம் ஓரிடத்திற் கூடி ஒருங்கே பயின்றனர். நூல், ஆசிரியர், கருவி, கூடிக் கற்றல் ஆகிய நான்கும் அமைந்தமையால் அஞ்சல்வழிக் கல்வி உண்மைக் கல்வியாயிற்று.

இனி, புவியியலை நோக்குவோம். வேதியியல் மாணவருக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். புவியியல் மாணவருக்கோ அவர் வாழும் ஊரே ஆய்வுக்கூடம். ஊர்க் கால்வாய் ஒன்றை அவர் அளப்பதாகக் கொள்வோம். நீரில் இட்ட சிறு கட்டை 20 மீட்டர் தொலைவை 40 நொடியில் கடந்தால், நீர் நொடிக்கு அரை மீட்டர் விரைவில் ஓடுகிறது. கால்வாயின் அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1 மீட்டர் எனின், நொடிக்கு 2 கன மீட்டர் நீர் செல்வதாகக் கணக்கு வரும். ஆனால் மேற்பரப்பு நீர் விரைந்தோடும். அடியிலும் கரையோரத்திலும் உள்ள நீர் உராய்வினால் மெல்லச் செல்லும். ஆதலின் உண்மை அளவு இதனினும் சற்றுக் குறைவே. இவ்வுண்மையைக் கால்வாய்க்கரையில் நின்று அளந்தவர் என்றும் மறவார்.

மாணவர் பல ஊர்களிற் சிதறி வாழ்வது இக்கல்விக்குக் குறை போலத் தோன்றும். ஆயின் அதுவே சில வேளைகளில் வலிமையாக மாறும். ஒரே வகுப்பறையின் மாணவர் ஐம்பதின்மர் நண்பகலில் ஞாயிற்றின் உயரத்தை அளந்தால், ஐம்பது விடையும் ஒன்றாகவே இருக்கும். சென்னையில் ஒரு மாணவரும் கன்னியாகுமரியில் ஒரு மாணவரும் தை மாதத்தின் ஒரே நாளில், தத்தம் ஊரில் ஞாயிறு மிக உயர்ந்து நிற்கும் வேளையில் கோலின் நிழலை அளந்தால், இரு கோணங்களும் ஏறத்தாழ 5 பாகை வேறுபடும். அவ்விரு நகரங்களின் வடக்கு தெற்குத் தொலைவு ஏறத்தாழ 555 கிலோமீட்டர். வட்டம் முழுவதும் 360 பாகை ஆதலின், 555ஐ 72ஆற் பெருக்கினால் 39,960 கிலோமீட்டர் கிடைக்கும். புவியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் அன்றோ! எகிப்தில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரட்டோசுதனீசு 2,200 ஆண்டுகளுக்கு முன்னர்ப் புவியை அளந்த முறையும் இதுவே. இருவர் தொலைவில் இருந்தமையாலேயே இவ்வளவை அறிய முடிந்தது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 1982 முதல் 2009 வரை புவியியற் பேராசிரியராக விளங்கியவர் டோரீன் மாசி அம்மையார். ஓர் ஊரைச் சுற்றிக் கோடு கிழித்து, அக்கோட்டினுள் இருப்பதே அவ்வூர் என்று கருதுதல் போதாது என்பது அவர் கொள்கை. பல திசைகளிலிருந்து வரும் மக்கள், பொருள்கள், செய்திகள் ஆகியவை கூடும் இடமே ஊர் என்றார் அவர். 1991ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், இலண்டனில் தாம் வாழ்ந்த பகுதியின் கில்பர்ன் கடைத்தெருவையே இதற்குச் சான்றாகக் காட்டினார். வீட்டிலிருந்து கற்பார்க்கு இதனினும் ஏற்ற பாடம் வேறு உண்டோ? நம் தெருக் கடையிலுள்ள பருப்பும் துணியும் விளக்கும் எங்கிருந்து வந்தன என்று வினவத் தொடங்கினால், உலக வரைபடமே அத்தெருவில் விரியும்.

அறிவியலின் வளர்ச்சியும் இக்கல்விக்குத் துணை நிற்கிறது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அவ்வரிசைச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை 2008ஆம் ஆண்டு முதல் எவரும் விலையின்றிப் பெறலாயினர். ஏரியொன்றின் பழைய படத்தையும் புதிய படத்தையும் கணிப்பொறியில் ஒப்பிட்டு, நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கியது என்பதைச் சிற்றூர் மாணவரும் இன்று கணக்கிட இயலும். ஆனால் ஏரி சுருங்கியதைப் படம் காட்டும். ஏன் சுருங்கியது என்பதை முழுதும் கூறாது. வரத்துக் கால்வாய் தூர்ந்ததா, கரை உடைந்ததா, நிலம் ஆக்கிரமிக்கப்பட்டதா என்பதை ஏரிக்கரைக்குச் சென்று, அங்குள்ள உழவரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

இக்கல்வியில் இடர்ப்பாடுகளும் உள. மணியடித்து வகுப்பிற்கு அழைப்பார் இல்லை. ஐயம் எழுந்த அப்பொழுதே வினவுவதற்கு ஆசிரியர் அருகில் இல்லை. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் இரவில் நூலைத் திறக்கும்போது உறக்கம் பகையாய் வரும். இடையில் கைவிடுவோர் பலராவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. தனிமையும் சோர்வுமே காரணம். இவற்றை வென்றோரும் உளர். தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தவாறே அஞ்சல்வழியிற் சட்டம் பயின்று, 1989ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றார். நாள்தோறும் குறித்த நேரத்திற் சிறிதேனும் படித்தல், கட்டுரைகளைக் காலந்தவறாது அனுப்புதல், உடன் பயில்வாரோடு தொடர்பு கொள்ளுதல் ஆகிய பழக்கங்களே சோர்வை அகற்றும் மருந்து.

நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. மதுரைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டில் அவ்வழியை மேற்கொண்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டிலும் தோன்றின. இவ்வழியிற் புவியியல் பயில விரும்புவோர், அப்பாடத்தைக் கற்பிக்கும் ஏற்பு அந்நிறுவனத்திற்கு உண்டா, செய்முறைப் பயிற்சியும் களப்பயிற்சியும் அளிக்கப்படுகின்றனவா என்பவற்றை முன்னரே ஆராய்ந்து சேர்தல் வேண்டும். களம் காணாத புவியியற் பட்டம் நீந்தாமற் கற்ற நீச்சலையே ஒக்கும்.

மாணவர்களே! பள்ளியை விட்டபின் உங்களுள் சிலர்க்கு உடனே கல்லூரி செல்லும் வாய்ப்பு அமையாது போகலாம். குடும்பச் சுமை சிலரைத் தொழிலுக்கு அழைக்கலாம். அதனாற் கல்வி முடிந்துவிட்டது என்று எவரும் கலங்குதல் வேண்டா. நூல் இல்லந்தேடி வரும். ஆசிரியரின் திருத்தமும் வரும். நிலமோ நீங்கள் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது. அதனைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். உங்கள் ஊர் ஏரியின் வரைபடமொன்றை உங்கள் கையாலேயே வரைந்து பாருங்கள்.