மிக்ஸிங்குக்கு எந்த ஸ்பீக்கர்?

பத்துக்குப் பத்து ரூமில் உட்கார்ந்து பாட்டு மிக்ஸ் பண்ணப் போகிறீர்களா? எட்டு இஞ்ச் மானிட்டர் மேல் ஆசைப்படாதீர்கள். எளிய கணக்குதான். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3 மீட்டர் என்றால், 343-ஐ 6-ஆல் வகுங்கள்: 57 ஹெர்ட்ஸ். அந்த பேஸ் மட்டும் சுவரோரம் வீங்கும், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட காணாமலே போகும். சதுர அறையில் நீளமும் அகலமும் ஒரே ஹெர்ட்ஸில் வந்து விழும், டபுள் தொல்லை. பெரிய ஸ்பீக்கர் இதைச் சரி பண்ணாது, கிளறித்தான் விடும்.

யமஹா என்எஸ்-10 கதையைப் பாருங்கள். 1978-ல் வீட்டில் பாட்டு கேட்பதற்கென்று வந்தது. பேஸ் கம்மி, ட்வீட்டர் காதைக் குத்தும். வீடுகளில் பெரிதாக எடுபடவில்லை. ஸ்டூடியோக்காரர்களோ ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டியாவது அதை வைத்துக்கொண்டார்கள். ஏன்? அது துளையில்லாத மூடிய பெட்டி. கிக் டிரம் அடித்த வேகத்தில் ஓசை அடங்கிவிடும். துளை வைத்த பெட்டியில் பேஸ் கூடுதலாக வரும், கூடவே ஒரு வாலும் இழுத்துக்கொண்டு வரும். அந்த வால் பாட்டில் இருக்கிறதா பெட்டியில் இருக்கிறதா? குழம்பிப்போய் பேஸைக் குறைத்தால், காரில் போடும்போது பாட்டு சப்பென்று இருக்கும்.

கோனுக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்காமல் 2001-ல் என்எஸ்-10 நின்றுபோனது. பழசைத் தேடி அலைவது வீண் என்பேன். ஐந்து இஞ்ச் போதும். துளை இருந்தால் ஸ்பாஞ்ச் அடைத்துக் கேட்டுப் பாருங்கள். மிச்சக் காசுக்கு ராக்வூல் பலகை வாங்கி மூலைகளில் நிறுத்துங்கள். நாற்காலியை நடுவில் போடாமல், நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அரை அடி அரை அடியாக நகர்த்திப் பாருங்கள்.