அப்பாவின் பிக்அப்புக்குப் புதுக் கண்ணாடி

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் போனால் பழைய பிக்அப் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது. டாட்சன், மோரிஸ் மைனர், லேண்ட் ரோவர் என்று நம் தாத்தாக்களும் அப்பாக்களும் ஓட்டிய வண்டிகள் அவை. தோட்டத்தில் உர மூட்டை ஏற்றியவை, சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோனவை, மாசி மகத்தின்போது செங் சன்னாசிமலைக்குத் தண்ணீர்ப் பந்தல் சாமான் சுமந்தவை. தோட்டத்தை விட்டுப் பத்து பெரெண்டாம், டுரியான் துங்கல் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த பல குடும்பங்களில், அந்த வாழ்க்கையில் மிச்சமிருக்கும் பெரிய பொருள் இந்த வண்டி ஒன்றுதான்.

இந்த வண்டிகள் பெரும்பாலும் இன்ஜின் கெட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போவதில்லை. இன்ஜினை எந்தப் பட்டறைக்காரரும் எப்படியாவது ஓட வைத்துவிடுவார். வண்டியைத் தின்பது துரு. அந்தத் துரு தொடங்கும் முக்கியமான இடங்களில் ஒன்று முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியில் இருக்கிறது. கண்ணாடியில் கீறல் விழுந்தால் உடனே தெரிகிறது, ரப்பருக்குள் மழைநீர் தேங்குவது தெரிவதில்லை. ஆகவே கண்ணாடி மாற்றும் நாள் என்பது வெறும் கண்ணாடி மாற்றும் நாள் அல்ல. வண்டி இன்னும் இருபது ஆண்டு நிற்குமா, இரண்டே மழைக்காலத்தில் மட்கிப்போகுமா என்பது முடிவாகும் நாள் அது.

ரப்பர்தான் சட்டம்

இன்றைய கார்களில் முன்கண்ணாடி, வண்டிச் சட்டத்தோடு வலுவான பசையால் ஒட்டப்படுகிறது. கண்ணாடியும் வண்டி உடலுக்குப் பலம் சேர்க்கிறது. பழைய பிக்அப்பில் அப்படி இல்லை. அங்கே சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம். அதன் ஒரு பள்ளத்தில் கண்ணாடி உட்காரும், மறு பள்ளம் வண்டியின் தகர விளிம்பைக் கவ்வும். மூன்றாவது சிறு பள்ளம் இருந்தால் அதில்தான் மினுமினுக்கும் அலங்காரப் பட்டை உட்காரும். பசை இல்லை, ஆணி இல்லை. எல்லாவற்றையும் பிடித்திருப்பது ரப்பர் ஒன்றே.

ரப்பரைப் பற்றி மலாக்கா மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. டான் சாய் யான் 1896இல் இந்நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டது இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில்தான். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். விடியும் முன்னே எழுந்து பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். மங்கில் காய்ந்த ஒட்டுப்பால் வெயிலில் கிடந்தால் எப்படி வெடிக்கும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

கண்ணாடி ரப்பருக்கும் அதே கதிதான். இயற்கை ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் சேர்ந்து தாக்கும். இழுபட்டு வளைந்திருக்கும் மூலைகளில் முதலில் மெல்லிய வெடிப்புகள் வரும். இப்போது கண்ணாடி வளையங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் ஓசோனுக்கும் வெயிலுக்கும் நன்றாக ஈடுகொடுக்கும். வாங்கும்போது துண்டைக் கையில் எடுத்து இறுக மடித்துப் பாருங்கள். மடிப்பில் நுண்ணிய கோடுகள் தெரிந்தால் அது பல ஆண்டுகள் கடையில் கிடந்த சரக்கு. உறை புதிதாக இருக்கலாம், ரப்பர் கிழடு.

ரப்பர் தளர்ந்ததைக் காதாலும் கண்டுபிடிக்கலாம். ஒலியோடு பிழைப்பு நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு இது பிடித்தமான சோதனை. வானொலியை அணைத்துவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். கண்ணாடி ஓரத்திலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தால் அங்கே காற்று நுழைகிறது. காற்று நுழையும் வழியில் மழையும் நுழையும். கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமோ பழுப்புக் கறையோ இருந்தால் இனித் தள்ளிப்போடக் கூடாது.

எந்தக் கண்ணாடி?

முன்கண்ணாடிக்கு அடுக்குக் கண்ணாடியே வேண்டும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது அது. கல் பட்டால் சிலந்தி வலைபோல் கீறல் விழும், ஆனால் துண்டுகள் படலத்தோடு ஒட்டியே நிற்கும். பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. பழைய வண்டிகள் பலவற்றில் இருந்ததோ கடினமாக்கிய ஒற்றைக் கண்ணாடி. அது உடைந்தால் ஒரே நொடியில் முழுவதும் கல்கண்டாக நொறுங்கும். ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு முன்னால் சாலையே மறைந்துவிடும். ஆகவே மாற்றும்போது பழைய வகைதான் வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம்.

கண்ணாடி கிடைப்பது வண்டியைப் பொறுத்தது. மோரிஸ் மைனர் பிக்அப் 1953இல் வந்தது. 1956க்கு முந்தையவற்றில் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு தட்டையான துண்டுகள். அதன்பின் வளைந்த ஒரே கண்ணாடியாக மாறியது. பழைய லேண்ட் ரோவரிலும் தட்டைக் கண்ணாடிதான். தட்டையானதை அளவு கொடுத்து அடுக்குக் கண்ணாடியில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். வளைந்ததற்கு அச்சு வேண்டும். 1972 முதல் 1979 வரை வந்த டாட்சன் 620 போன்றவற்றுக்கு அந்த மாடலுக்கென்றே செய்த கண்ணாடியைத் தேடித்தான் ஆக வேண்டும். ஆகவே வளைந்த கண்ணாடி நல்ல நிலையில் இருந்து ரப்பர் மட்டும் போயிருந்தால், அவசரப்பட்டு நெம்பி உடைத்துவிடாதீர்கள். பழைய ரப்பரைக் கத்தியால் அறுத்து எறியுங்கள், கண்ணாடியைக் காப்பாற்றுங்கள்.

பட்டை முதலில், பொறுமை அதைவிட முதலில்

கழற்றும் வேலை அலங்காரப் பட்டையில் தொடங்கும். பல வண்டிகளில் இரண்டு பட்டைகள் சேரும் இடத்தை ஒரு சிறு மூடி மறைத்திருக்கும். சவர்க்கார நீர் தெளித்து மூடியை ஓரமாக நகர்த்தி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். திருப்புளி வேண்டாம். மரச் சீவலோ பிளாஸ்டிக் துண்டோ போதும். எடுத்தவுடன் இடது, வலது, மேல், கீழ் என்று எழுதி ஒட்டி, தட்டையான பலகைமேல் வையுங்கள்.

பட்டை எதனால் ஆனது என்று பார்த்துக்கொள்வது நல்லது. எவர்சில்வர் பட்டையில் விழுந்த சிறு நசுங்கலைத் தட்டி நிமிர்த்தி மெருகேற்றலாம். அலுமினியம் மென்மையானது. ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்புத் தடம் போகாது. பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் அதன் மேலுள்ள காப்புப் படலமும் போய்விடும். குரோம் பூசிய பிளாஸ்டிக் என்றால் புதிது வாங்குவதே மேல்.

கண்ணாடியை எடுத்தபின் தகர விளிம்பு தெரியும். உண்மையான வேலை இங்கேதான். துருவை உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, துரு தடுக்கும் அடிப்பூச்சு பூசி, அதன்மேல் வண்ணம் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். புட்டி வைத்து மூடி மேலே ரப்பரை மாட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், அடியில் துரு தன் வேலையைத் தொடரும். “இன்றே முடித்துத் தருகிறேன்” என்று யாராவது சொன்னால், வண்ணம் எப்போது காயும் என்று கேளுங்கள்.

ஒரு கயிறு, இரண்டு பேர்

மாட்டும் வித்தை எளியது. புது வளையத்தைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகும். அதைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டிவிட்டு, தகரத்தைக் கவ்வ வேண்டிய பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு விட வேண்டும். பள்ளத்திலும் விளிம்பிலும் சவர்க்கார நீர் தடவுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், அவை ரப்பரை ஊதிப்போகச் செய்யும்.

வெளியே ஒருவர் கண்ணாடியை உள்ளங்கையால் சீராக அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வெளிவர வெளிவர, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்பக்கம் வந்து கவ்வும். மூலைகளில் முஷ்டியால் குத்தினால் கண்ணாடி விரியும். நகர மறுத்தால் வெளியே எடுத்து மறுபடியும் தொடங்குவதே சரி. அலங்காரப் பட்டையைச் சில வண்டிகளில் கண்ணாடி ஏற்றும் முன்பே வளையத்தில் பதிக்க வேண்டும், சிலவற்றில் கடைசியில். பழையதைக் கழற்றும்போதே படம் எடுத்து வைத்தால் குழப்பம் வராது.

கடைசியில் ரப்பருக்கும் தகரத்துக்கும் இடையே, இறுகிக் கெட்டியாகாத அடைப்புப் பசை கொஞ்சம் செலுத்தலாம். புளிக்காடி வாசம் வரும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வெளியாகும் அமிலம் இரும்பை அரிக்கும், தேய்த்தெடுத்த துருவை நாமே திரும்ப அழைத்ததாகிவிடும். பசை பிடித்தபின் குழாய் நீரைக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சி, உள்ளே ஒருவர் டார்ச் விளக்கோடு பார்த்தால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

செலவும் சட்டமும்

முன்கண்ணாடிக் காப்பு என்பது முழுக் காப்புறுதியோடு தனியாகச் சேர்த்து வாங்குவது. அதைப் பயன்படுத்தினால் உங்கள் ‘என்சிடி’ கழிவு குறையாது. ஆனால் பழைய வண்டிகள் பல மூன்றாம் தரப்புக் காப்புறுதியில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குக் கைக்காசுதான். புதுக் கண்ணாடிக்குக் கருப்புப் படலம் ஒட்ட ஆசைப்பட்டால், 2019ஆம் ஆண்டு விதிப்படி முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் தகர விளிம்பு, அடுத்து ரப்பர், பிறகு கண்ணாடி, கடைசியில் பட்டை. பட்டை இல்லாமலும் வண்டி ஓடும். அது பலகைமேல் காத்திருக்கட்டும்.

கயிறு இழுக்கும் முறையில் கண்ணாடி மாட்டத் தெரிந்த மூத்த பட்டறைக்காரர்கள் குறைந்து வருகிறார்கள். பசைத் துப்பாக்கியோடு பழகிய இளைஞர்களுக்கு இந்த வேலை அவ்வளவாக வாய்ப்பதில்லை. அப்பாவின் பிக்அப் உங்கள் வீட்டு வாசலில் நின்றால், அந்த ஒரு நாள் வேலையைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளே உட்கார்ந்து கயிறு இழுக்க எப்படியும் இன்னோர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் உங்கள் மகனையோ மகளையோ உட்கார வையுங்கள்.