முதியோர் பராமரிப்பும் ஒரு தொழில்தான்!



வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது நம்ம லயங்களுக்குப் புதிய காரியம் இல்லை. அம்மா கொழுந்தெடுக்கப் போய்விட்டால், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாயிக்குக் கஞ்சி கொடுப்பதும், கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டி வருவதும் வீட்டில் இருக்கும் பிள்ளைதான். இதே வேலைக்கு இன்று நாடெங்கும் ஆள் தேடுகிறார்கள். 2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் தனியே.

ஆனால் நம்ம பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள்? தரகர் ஒருவர் வந்து, “கொழும்புல ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்க ஆள் வேணும்” என்று கூட்டிப் போகிறார். போன பிறகு சமையல், உடுப்புக் கழுவுதல், வீடு கூட்டுதல், ராத்திரியில் நோயாளியோடு விழித்திருத்தல் எல்லாம் ஒரே தலையில் விழுகிறது. வேலைக்காரி என்ற பெயர்தான் மிச்சம். பயிற்சி பெற்றுச் சான்றிதழோடு போகிறவர் பராமரிப்பாளர். அவர் “இது என் வேலை, இது என் வேலை இல்லை” என்று சொல்லிச் சம்பளம் பேசலாம்.

பயிற்சியில் என்ன படிக்கலாம்?

“கிழவியைப் பார்த்துக்க ஒரு படிப்பா?” என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். எழும்ப முடியாதவரை ஒரே பக்கமாகப் படுக்க வைத்தால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். அதனால் சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுத்தபடி சாப்பாடு ஊட்டினால் புரைக்கேறி நெஞ்சுக்குள் போகலாம். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஆளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கினால்தான் நம்ம இடுப்பு தப்பும்.

இவற்றோடு குளிப்பாட்டுதல், கை கழுவும் முறை, பிரஷர் பார்த்துக் குறித்து வைத்தல், டாக்டர் எழுதிய மருந்தை நேரத்துக்குக் கொடுத்தல், விழாமல் பாதுகாத்தல், மறதி நோய் உள்ளவரோடு வாதாடாமல் பொறுமையாகப் பேசுதல் ஆகியவையும் உண்டு. பராமரிப்பாளர் தாதி அல்ல என்பதும் முக்கியம். ஊசி போடுவதும், தானாக மருந்தை மாற்றுவதும் நம்ம வேலை இல்லை.

எங்கே விசாரிப்பது?

தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் முதியோருக்கான தேசிய செயலகத்திலும் விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். தனியார் நிலையம் என்றால், காசு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த நிலையமா? முடிவில் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்குமா? வெறும் அலங்காரச் சான்றிதழை நம்ப வேண்டாம்.

ஏற்கனவே பல வருஷம் இந்த வேலை செய்தவர்களும் மனந்தளர வேண்டாம். அனுபவத்தைப் பரீட்சித்து என்.வி.கியூ. கொடுக்கும் வழியும் இருக்கிறது.

ஆண் பிள்ளைகளும் யோசிக்க வேண்டும். வயதான ஆண்களைக் குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க ஆண் பராமரிப்பாளரைத்தான் பல வீடுகளில் கேட்கிறார்கள்.

வெளிநாடு போக நினைத்தால்

ஜப்பானுக்குப் பராமரிப்பு வேலை முதலியவற்றுக்கு ஆட்களை அனுப்ப 2019இல் இலங்கை உடன்படிக்கை செய்தது. அந்த வழியில் போக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜப்பானிய மொழிப் பரீட்சையும் பராமரிப்புப் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். மொழி தெரியாமல் “நான் அனுப்புறேன்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் கேட்டுவிட்டே பாஸ்போட்டைக் கையில் கொடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் மூன்றையும் எடுத்து ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு எழுத்து என்பது நம்ம தோட்டங்களில் சாதாரணம். பயிற்சிக்குக் கூப்பிட்ட பிறகு ஓடித் திரிந்தால் இடம் போய்விடும். பிழை இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் இப்போதே விசாரித்துத் திருத்துங்கள்.

வேலைக்குப் போகும்போது சம்பளம், வேலை நேரம், கிழமையில் லீவு, என்னென்ன வேலை என்பதை எழுத்தில் வாங்குங்கள். போகும் வீட்டு விலாசம் அம்மா அப்பாவின் கையில் இருக்கட்டும்.

பெற்றோரே, ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளையைத் தரகர் கையில் கொடுக்கும் முன் சில மாதம் பயிற்சிக்கு அனுப்புங்கள். பத்திரங்களைப் பார்க்கவும் விண்ணப்பம் நிரப்பவும் உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் தயங்காமல் வாருங்கள்.