கண்மாய்க் கரையில் கேட்கக் கற்றல்

மதுரைக்குத் தென்மேற்கே, திருநகர், பசுமலை, விளாச்சேரி, திருப்பரங்குன்றம் என்னும் ஊர்களுக்கு நடுவே கிடக்கும் தென்கால் கண்மாயின் கரைமீது ஏறி நின்று நாற்புறமும் நோக்குகிறவருக்கு, ஒரே நீர்நிலையைச் சுற்றி எத்தனை விதமான ஜனங்கள் எத்தனை விதமான ஜீவனத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது சிறிது நேரத்திலேயே விளங்கிவிடும். திருநகரில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய சந்ததியாரும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அதற்கடுத்த ஹார்விபட்டி, மதுரை மில் தொழிலாளர்களுக்கென்று ஏற்பட்ட குடியிருப்பு. விளாச்சேரியில் களிமண்ணைக் குழைத்துக் கொலுப்பொம்மை செய்யும் குடும்பங்கள் பரம்பரையாக வாழ்கின்றன. நிலையூரை ஒட்டிய கைத்தறி நகரில் சௌராஷ்டிர பாஷை பேசும் நெசவாளர் வீடுகள் இருக்கின்றன.  இவ்வளவு பேருக்கும் நடுவில் ஒரு கண்மாய். அதற்கு நீர் வருவதோ வைகையிலிருந்து பிரியும் நிலையூர்க் கால்வாயின் வழியாக.

இந்தப் பிரதேசத்தில் ஊருக்கு முன்னே கண்மாய் என்பதே கிரமம். பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் தலைநகரையே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று குறிக்கின்றன. அதாவது மாடக்குளம் என்ற கண்மாயின் பாசனத்துக்கு உட்பட்ட மதுரை என்று, கோயிலும் கோட்டையும் கொண்ட ஒரு மாநகரத்துக்கு நீர்நிலையைக் கொண்டு விலாசம் எழுதியிருக்கிறார்கள். திருநகரும் ஹார்விபட்டியும் பேரூராட்சிகளாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பின்னர், இங்கே விலாசங்கள் வார்டு எண்ணாலும் தெருப் பெயராலும் எழுதப்படுகின்றன. வயல்களில் பல மனைகளாகிவிட்டன. ஆயினும் மழைக்காலத்தில் தெருவில் நீர் தேங்கும்போதும், கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றும்போதும், பழைய விலாசம் தன்னைத் தானே ஞாபகப்படுத்திக்கொள்கிறது.

கண்மாய்களுக்குக் குறைவில்லாத இந்தப் பகுதியில் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் கல்லூரியாக உருப்பெற்றது பசுமலையில்தான்; 1957-இல் திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியற் கல்லூரி தோன்றியது; மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரியும் சௌராஷ்டிரக் கல்லூரியும் பசுமலை வட்டாரத்திலேயே இருக்கின்றன. இக்காலத்துக் கல்லூரிகள் பலவற்றில் பேச்சுத்திறனுக்கென்று தனி வகுப்பு நடக்கிறது. நிமிர்ந்து நிற்பது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, நேர்முகத் தேர்வில் கை குலுக்குவது ஆகியவற்றையெல்லாம் கற்பிக்கிறார்கள். கற்கட்டும், உத்தியோகத்துக்கு அது உதவும். ஆனால் அந்த வகுப்பில் பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே வயதினர், ஒரே பாடத்தைப் படிப்பவர்கள், ஒரே உத்தேசம் உடையவர்கள். தன்னுடைய நலத்துக்கு நேர்விரோதமான நலத்தை உடைய ஒருவரிடம் மரியாதை குன்றாமல் பேசி, அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, அவரும் தானும் ஒரு காரியத்துக்கு உடன்படுவதற்கான வழியைத் தேடுகிற பயிற்சிக்கு அங்கே இடமில்லை. அந்தப் பயிற்சிக்குக் கண்மாய்க்கரையைப் போன்ற வகுப்பறை வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பும் எண்ணம் புதிதன்று. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, சின்னாளப்பட்டிக்கருகில், ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்தில், கிராமத்திலே தங்கி அங்குள்ளவர்களோடு பழகுவது படிப்பின் ஓர் அங்கமாகவே வைக்கப்பட்டது. பிறகு காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, அதனோடு ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் ஏற்பாடு. மதுரை மாவட்டத்தில் அந்த முகாம்களுக்கு ஏற்ற பணி எது என்று தேடினால், கண்மாயும் ஊருணியும் வரத்துக்காலுமே முதலில் கண்ணில் படுகின்றன. ஆகையால் மண்வெட்டியும் இரும்புச் சட்டியும் ஏந்திய மாணவர் கூட்டம் இந்த வட்டாரத்துக் கரைகளுக்குப் பழகிப்போன காட்சி.

இந்தச் சிரமதானத்தின் பயனைப் பற்றிச் சற்று ஒளிவுமறைவில்லாமல் பேசுவது நல்லது. மண்வெட்டியை அதற்கு முன் தொட்டறியாத ஐம்பது இளைஞர்கள் ஒரு பகல் முழுவதும் வியர்வை சிந்தி அள்ளுகிற வண்டலை, ஒரு ஜே.சி.பி. இயந்திரம் நாம் காப்பி குடித்து முடிப்பதற்குள் அள்ளிக் கரையில் போட்டுவிடும். சீமைக்கருவேலை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, 2017-இல் கல்லூரிகளும் அரிவாளோடு களத்தில் இறங்கின. அடிமரத்தோடு வெட்டி வேரை விட்டுவிட்டால் அந்த மரம் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும் என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது, அரிவாள் பிடித்தவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆகவே கன அடிக் கணக்கில் இந்தச் சேவையை மதிப்பிட்டால் மிஞ்சுவது சொற்பமே. அதன் மெய்யான லாபம், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கரையிலே உட்கார்ந்து ஊராரோடு பேசும்போதுதான் தொடங்குகிறது.

அந்தப் பேச்சு எளிதாக நடப்பதில்லை. ‘இந்தக் கண்மாய் எவ்வளவு தண்ணி பிடிக்கும் தாத்தா?’ என்று, குறிப்பேட்டில் எண்ணை எழுதத் தயாராகக் கேட்கிறான் மாணவன். ‘பெருகிக் கலுங்கு போச்சுன்னா ஒரு போகம் தைரியமா நடலாம் தம்பி’ என்று பதில் வருகிறது. கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிகைநீர் வழியும் வாய். எண் கிடைக்கவில்லையே என்று மாணவன் ஏமாறுகிறான்; கேட்டதற்குச் சரியாகத்தானே சொன்னோம் என்று பெரியவர் அவனைப் பார்க்கிறார். இருவரும் அளந்தது ஒரே நீரைத்தான். ஒருவர் அதைப் பயிரால் அளந்தார், மற்றவன் பாத்திரத்தால் அளக்க வந்தான். இரண்டாவது கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் கல்வி இருக்கிறது. ‘கலுங்கு போயி எத்தனை வருஷம் ஆச்சு, அப்ப என்ன நட்டீங்க?’ என்று கேட்கத் தெரிந்தவனுக்கு, மழையின் சரித்திரமும், கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது என்ற விவரமும், யாருடைய கட்டடம் வரத்துக்காலின்மேல் நிற்கிறது என்ற ரகசியமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. கண்மாய் நிறைய வேண்டும் என்பதில் ஊர் முழுவதும் ஒருமித்திருக்கும் என்று நகரத்து மாணவர்கள் நம்பிக்கொண்டு வருகிறார்கள். விசாரிக்கத் தொடங்கிய பின்னர் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. மடைக்குக் கீழே வயல் வைத்திருப்பவர் நீர் நிறையவும் வேண்டும், வேண்டியபோது மடை திறக்கவும் வேண்டும் என்கிறார். மீன்பாசியை ஏலத்தில் எடுத்தவருக்கோ, மீன் பெருகும்வரை மடை மூடியே இருப்பதுதான் அனுகூலம். நீர்பிடிப்பின் மேலோரத்தில் பயிர் செய்கிறவருக்குக் கண்மாய் முழுக்கொள்ளளவை எட்டினால் நிலம் முழுகிப்போகும்; கலுங்கின் மட்டம் சிறிது தாழ்ந்திருந்தால் அவர் வருத்தப்படமாட்டார். புரட்டாசி நவராத்திரிக்கு முன்பே பொம்மைகளைச் சூளையில் வேகவைத்து வர்ணம் பூசி முடிக்க வேண்டிய கைவினைஞர், கண்மாய் வறண்டு கிடக்கும் மாதங்களில் களிமண் எடுத்துச் சேர்த்தாக வேண்டும். அதற்கு அனுமதி வேண்டி அலைகிற அலைச்சலும் அவருக்கு உண்டு. தாழ்வான தெருவில் புது வீடு கட்டியவர், நீர் வீட்டுக்குள் வரக்கூடாது, ஆனால் கிணற்றில் மட்டும் ஊற வேண்டும் என்று விரும்புகிறார். இவர்களில் யாரும் அநியாயம் பேசவில்லை என்பதை உணர்வதற்கு ஒரு மாணவனுக்குச் சில நாட்கள் ஆகின்றன. பன்மை என்ற சொல்லைப் பண்டிகை உடைகளோடும் பலகாரங்களோடும் சேர்த்தே அறிந்திருந்தவன், அது முரண்பட்ட தேவைகளின் பெயர் என்று இங்கேதான் அறிந்துகொள்கிறான்.

இந்த முரண்பாடுகளையெல்லாம் நம் முன்னோர் மனத்தில் வைத்தே கண்மாயைக் கட்டினார்கள் என்பதற்கு ஒரு பழைய குமிழி மடையே சாட்சி. கரையிலிருந்து சிறிது தூரத்தில், நீர் நிற்கும் பகுதிக்குள், இரண்டு கல்தூண்கள் குறுக்குக் கற்களோடு நிற்கும். அவற்றின் அடியில் கல்லால் அமைத்த தொட்டியும், அதன் மேல்மூடியில் நீர் இறங்கும் துளையும், பக்கத்திலே தரையை ஒட்டிச் சேறு புகும் சிறு துளைகளும் உண்டு. மேல்துளையை அடைத்திருக்கும் அடைப்பைத் தூக்கினால், நீரோடு ஓர் அளவுக்குச் சேறும் இழுக்கப்பட்டு வயலுக்கு உரமாகப் போய்ச் சேரும். கண்மாயும் அந்த அளவுக்குத் தூர் நீங்கும். நீருக்குள் முங்கி அந்த அடைப்பைத் திறந்து மூடியவரும், வயல் வயலாக நீரை முறைப்படி திருப்பிவிட்டவரும் நீர்ப்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டனர். பொறியியல் மாணவன் ஒருவனுக்கு இந்த மடையின் அமைப்பை விளக்கிச் சொல்ல ஆசிரியர் போதும். ஆனால் எந்த வயலுக்கு முதலில், எவ்வளவு நேரம், யார் சண்டைக்கு வந்தால் என்ன பதில் என்பதைச் சொல்ல நீர்ப்பாய்ச்சி ஒருவரே தகுதி உடையவர்.

அந்த நீர்ப்பாய்ச்சி யார் என்று கேட்கும்போது, முகாமின் உற்சாகத்துக்கு ஒரு தடை நேர்கிறது, நேர வேண்டும். பல ஊர்களில் அவர் தாழ்த்தப்பட்ட குடியைச் சேர்ந்தவர்; ஊர் நீரை முழுவதும் பங்கிட்டுக் கொடுத்தவருக்கு அறுவடையில் நெல் கிடைத்ததேயன்றி, அந்த நீர் பாய்வதற்குச் சொந்தமாக நிலம் கிடைத்தது அபூர்வம். ஊராரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து என்று நாம் பெருமையோடு பேசுகிற பழைய ஏற்பாட்டிலும், கரையில் மண் சுமந்தவர்கள் யார், சுமக்கும்படி சொன்னவர்கள் யார் என்ற கேள்வி உண்டு. 1858-இல் ஆங்கில அரசாங்கம் சென்னை மாகாணத்தில் அந்த உழைப்பைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்ற பெயரிலேயே சட்டமாக்கியது. இந்த வட்டாரத்துக்குக் கிழக்கே, பழைய ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மோஸ் என்ற மானிடவியல் அறிஞர் 2003-இல் வெளியிட்ட நூல், கண்மாய்ப் பாசனத்தை அதிகாரத்தின் சரித்திரமாகவும் வாசித்துக் காட்டுகிறது. மாணவர்கள் இதை நூலில் படிக்கும்முன்பே கரையில் கண்டுவிட முடியும்: ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் யார் உட்காருகிறார்கள், யார் மரத்தடியில் நின்றபடியே கேட்கிறார்கள், பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கவனித்தாலே போதும். முன்வரிசையிலிருப்பவரை மட்டும் கேட்டுக் குறிப்பெடுத்துத் திரும்பிய மாணவக்குழு, ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாகாது.

மாணவர்களை ஊராரிடம் கற்கச் செய்யும் விஷயத்தில் மதுரையில் ஒரு முன்னோடியைக் குறிப்பிடாமல் செல்வதற்கில்லை. கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948-இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி, சேவையைப் பாடத்துக்குப் புறம்பான ஒரு தர்ம காரியமாக ஒதுக்கிவைக்காமல், பாடத்தோடு பிணைத்துச் சேவைவழிக் கல்வி என்ற முறையை நம் நாட்டில் முன்கூட்டியே கைக்கொண்ட ஸ்தாபனங்களுள் ஒன்று. இந்த முறைக்கு அமெரிக்காவில் 1967 வாக்கில் ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே என்பவர்கள் பெயர் சூட்டினார்கள். சேவை செய்கிறவனும் சேவையைப் பெறுகிறவனும் இருவருமே கற்கிறார்கள் என்பது அதன் மூலதத்துவம். டோக்கியோவிலுள்ள சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துடன் லேடி டோக் கல்லூரிக்கு இத்துறையில் உறவு உண்டு. மதுரைக்கு வருகிற ஜப்பானிய மாணவர் தமிழறியாத நிலையில் ஊராரோடு பழக நேர்கிறது. தம்முடைய சொல் இங்கே செல்லாது என்பதை அவர்கள் முதல் நாளே அறிந்துவிடுகிறார்கள்; ஆகவே பார்க்கிறார்கள், காத்திருக்கிறார்கள், மற்றவர் செய்வதைக் கூடவே செய்கிறார்கள். நம் மாணவர்களுக்கோ, தமிழ் தெரியும் என்பதே ஒருவகையில் இடையூறு. பாஷை ஒன்றாக இருப்பதால் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். இந்தப் பிரமை நீங்குவதற்கு, பொம்மைச் சூளையருகே ஒரு முற்பகல் உட்கார்ந்து, ‘இந்த மண்ணு ஒட்டும், அந்த மண்ணு வெடிக்கும்’ என்று கையில் உருட்டிக் காட்டும் அப்பத்தாவின் பேச்சைக் கேட்டாலே போதும்.

மாணவர்களுக்குள்ளேயும் இந்த அனுபவம் தன் வேலையைச் செய்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன், வகுப்பில் ஆங்கிலத்துக்கு அஞ்சி வாய் திறவாதவன், கரையில் ஊற்றைக் காட்டி அதன் காரணத்தைச் சொல்லும்போது, நகரத்து நண்பர்கள் அவனை முதன்முறையாகக் கேட்கிறார்கள். முகாம் சமையலில் காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் யார் பொறுப்பு என்ற விவாதத்தில், வீட்டில் தம்ளரைக்கூட எடுத்து வைத்தறியாத இளைஞர்களின் கல்வியும் கொஞ்சம் நடக்கிறது. பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்தவனும், தறிவீட்டிலிருந்து வந்தவளும், வயற்காட்டிலிருந்து வந்தவனும் ஒரே வரிசையில் நின்று மண்சட்டி கைமாற்றினால் மட்டும் வேற்றுமை நீங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பிறகு ஒருவரோடொருவர் வாதாடும்போது, அந்த வாதத்தில் பரிசயம் இருக்கும்.

குறை, நாட்டு நலப்பணித் திட்டத்தில் இல்லை; காலத்தில் இருக்கிறது. முகாம்கள் பெரும்பாலும் கண்மாய் வறண்டு கிடக்கும் பருவத்தில் நடைபெறுகின்றன. ஏழாம் நாள் படம் எடுத்து, நட்ட மரக்கன்றுகளை எண்ணி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு மாணவர்கள் போய்விடுகிறார்கள். தாங்கள் தூர்வாரிய காலில் நீர் வந்ததா இல்லையா என்பதை அவர்களில் அநேகர் அறிவதில்லை. அடுத்த ஆண்டு முகாமோ வேறு ஊரில். வயலகம் என்ற பெயரில் பாசன விவசாயிகளைச் சங்கமாக இணைத்து 1992-இல் தொடங்கிய கண்மாய்ப் புனரமைப்புப் பணியை நடத்திவரும் தானம் அறக்கட்டளையின் தலைமையிடம் இந்த மதுரையிலேயே இருக்கிறது. ஒரே நீர்நிலையோடு ஆண்டுக்கணக்கில் உறவு வைத்திருப்பது எப்படி என்பதை அறிய நம் கல்லூரிகள் தூரதேசம் போக வேண்டியதில்லை.

திருநகரைச் சுற்றியுள்ள கல்லூரி முதல்வர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு ஒரு கண்மாயைத் தேர்ந்துகொண்டு, குறைந்தது மூன்று ஆண்டுகள் அதை மாற்றாதிருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதலாம் ஆண்டு மாணவர்களை அழைத்துச் சென்று நீர்ப்பாய்ச்சிக்கும், மீன்பாசிக்காரருக்கும், மண் எடுக்கும் குடும்பங்களுக்கும் அறிமுகப்படுத்திவிட்டே கல்லூரியை விட்டு நீங்கட்டும். அந்த 240 மணி நேரத்தில் இருபது மணியையாவது ஐப்பசி, கார்த்திகைக்கென்று ஒதுக்கிவையுங்கள். கால்வாயில் நீர் வருகிற நாட்கள் அவைதாம், கரையில் ஜனங்கள் கூடிச் சண்டையிடுகிற நாட்களும் அவைதாம்.