வயலின் மூலைகளை வரைபடத்தில் ஏற்றலாம்

குறிஞ்சிப்பாடி, நெய்வேலி வட்டார விவசாயிகளுக்கு நிலம் எடுப்பு என்ற சொல் புதிதல்ல. 1956-ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்த காலந்தொட்டுக் கேட்டு வருவதுதான். நிலம் எடுக்கும்போது மண்ணுக்கு மட்டுமின்றி, அதிலுள்ள மரம், செடி, கட்டடத்துக்கும் மதிப்புக் கணக்கிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு கூறுகிறது. எனவே எத்தனை முந்திரி மரம், போர் எங்கே, மோட்டார் கொட்டகை எங்கே என்ற கணக்கு நம் கையில் முன்கூட்டியே இருப்பது நல்லது. இதைச் செல்போனைக் கொண்டே தயாரித்து விடலாம்.

குறிப்பெடுக்கும் முறை

செல்போனிலுள்ள ஜி.பி.எஸ். வசதி, செயற்கைக்கோள்களின் சைகையைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களாகக் காட்டும். குறிஞ்சிப்பாடிக்கு இவை சுமார் 11.6, 79.6. வயலின் ஒவ்வொரு மூலையிலும் ஓரிரு நிமிடம் நின்று, எண்கள் ஓரளவு நிலைத்த பின் குறித்துக்கொள்ளவும். புள்ளிக்குப் பின் 5 இலக்கங்கள் அவசியம். 4 இலக்கத்தோடு நிறுத்தினால் இடம் 10 மீட்டர் வரை தள்ளிப் போகும். போர், கிணறு, மரங்களையும் இவ்வாறே குறிக்கவும். அடர்ந்த மர நிழலில் பிழை கூடும்.

படமாக்கும் முறை

வீட்டில் கணினி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் மீதி வேலை சுலபம். பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை என மூன்று பத்திகளில் அட்டவணை போடச் சொல்லுங்கள். பைதான் என்ற கணினி மொழியும், அதில் இயங்கும் ஃபோலியம் என்ற தொகுப்பும் இலவசம். சில வரிகள் எழுதினால் போதும். மூலைகள் கோடுகளால் இணைந்து வயல் தெரியும். போர் இருக்கும் புள்ளியைத் தொட்டால், ஆழம், போட்ட ஆண்டு என நாம் எழுதி வைத்த விவரம் விரியும். படத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். படத்தைத் திறந்து பார்க்க இணையம் வேண்டும்.

ஃபோலியத்தில் அட்சரேகையை முதலில் தர வேண்டும். எண்களை மாற்றிப் போட்டால் நம் வயல் வடதுருவத்தின் அருகே போய்விடும்!

எச்சரிக்கை

செல்போன் அளவில் சில மீட்டர் பிழை உண்டு. சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். நான்கு பக்கமும் 3 மீட்டர் வெளியே தள்ளினால், 100 சென்ட் நிலம் ஏறத்தாழ 120 சென்ட்டாகத் தெரியும். ஆகவே இதைக் காட்டி எல்லைத் தகராறு செய்யக் கூடாது. எல்லைக்கு, புல வரைபடத்தின்படி சர்வேயர் அளப்பதே செல்லும்.

ஆனால் எது எங்கே இருக்கிறது என்பதற்கு இப்படம் நல்ல குறிப்பு. கணக்கெடுக்க வருவோர் ஒரு மரத்தை விட்டுவிட்டால், இடத்தைக் காட்டிக் கேட்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, தேதியிட்ட புகைப்படங்களுடன், பட்டா, சிட்டா உள்ள பெட்டியிலேயே ஒரு பிரதி வைத்திருங்கள்.