மரமில்லாத மாவட்டம்

தாஜிகிஸ்தானின் கிழக்குக் கோடியில் முர்காப் என்றொரு மாவட்டம். பரப்பு சுமார் 38,000 சதுர கிலோமீட்டர், நாட்டின் நிலத்தில் கால் பங்குக்கும் மேல். ஆனால் வாழ்பவர்கள் ஏறத்தாழ 15 ஆயிரம் பேர்தான்! பெரும்பாலோர் கிர்கிஸ் இனத்தவர்.

பாமிர் மலைகளின் உச்சியில் கிடக்கும் வறண்ட மேட்டுநிலம் இது. மழை மிகக் குறைவு. மரங்களைக் காண்பதே அரிது. தலைமை ஊரான முர்காப் 3,600 மீட்டருக்கும் மேலே. 1893-இல் ருஷ்யப் படைகள் அமைத்த காவல் நிலையத்திலிருந்து வளர்ந்த ஊர். சந்தைக் கடைகள் பலவும் பழைய சரக்குப் பெட்டகங்களில்தான் நடக்கின்றன.

வடக்கே 4,655 மீட்டர் உயர அக்பைத்தால் கணவாயைத் தாண்டினால் கராகுல் ஏரி; தண்ணீர் உப்பு. கரையோரம் அதே பெயரில் ஒரு சிற்றூர். அலிச்சூர், ராங்குல், ஷைமாக் என மற்ற ஊர்களும் நெடுந்தொலைவு இடைவெளியில் சிதறிக் கிடக்கின்றன. கோடையில் பல குடும்பங்கள் யாக் மாடுகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் நிலம் போய், கம்பளிக் கூடாரத்தில் தங்குகின்றன.

இங்கே அடுப்பு எரிவதே பெரும்பாடு. சோவியத் காலத்தில் நிலக்கரி லாரியில் வந்தது. அது நின்றதும், தெரெஸ்கென் என்ற குட்டைச் செடியை மக்கள் வேரோடு தோண்டி எரிக்கத் தொடங்கினார்கள். தடித்த வேர் நன்றாக எரியும்; ஆனால் செடி மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆடுமாடுகளுக்கும் அதுதான் தீவனம் என்பது எவ்வளவு வேதனை! அதனால் வீட்டுச் சுவரோரம் காய்ந்த யாக் வறட்டி அடுக்கடுக்காக நிற்கிறது, நீண்ட குளிர்காலத்துக்காக.