சக்திமான் (தொலைக்காட்சித் தொடர்)

சக்திமான் என்பது இந்திய அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனில் 1997 முதல் 2005 வரை ஒளிபரப்பான இந்தி மொழித் தொலைக்காட்சித் தொடராகும். இது மீநாயகக் கதை வகையைச் சேர்ந்தது. இயல்பான மனித ஆற்றலை விஞ்சிய வல்லமையைக் கொண்டு, தீயோரிடமிருந்து மக்களைக் காக்கும் கதைமாந்தரை மீநாயகர் (சூப்பர் ஹீரோ) என்பர். இத்தொடரின் முதற்பகுதி 1997 செப்டம்பர் 13 அன்றும், இறுதிப் பகுதி 2005 மார்ச் 27 அன்றும் ஒளிபரப்பப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் வெளிவந்தன. நடிகர் முகேஷ் கன்னா இத்தொடரை உருவாக்கித் தயாரித்ததுடன் முதன்மைப் பாத்திரத்திலும் நடித்தார். தினகர் ஜானி இயக்கினார். தமிழ் உட்படப் பிற இந்திய மொழிகளிலும் இது மொழிமாற்றம் செய்யப்பட்டது.

இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் இத்தொடர் இரண்டு காரணங்களுக்காகக் குறிப்பிடப்படுகிறது. முதலாவது, இந்தியச் சிறுவர்களிடையே இதற்குக் கிடைத்த பெரும் வரவேற்பு. இரண்டாவது, திரையில் கண்ட நாயகன் உண்மையில் இருப்பதாகச் சிறுவர் பலர் நம்பியதும், அந்நம்பிக்கையால் விபத்துகள் நேர்ந்ததாகச் செய்திகள் வெளிவந்ததும், அதனால் எழுந்த சர்ச்சையும் ஆகும்.

பின்னணி

சக்திமானுக்கு முன்பே இந்தியச் சிறுவர்கள் மீநாயகர்களை அறிந்திருந்தனர். தமிழ் வாசகர்களைப் பொறுத்தவரை இந்த அறிமுகம் பெரும்பாலும் படக்கதைகள் வழியாகவே நிகழ்ந்தது. 1970களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரித்தானியப் படக்கதை ஒன்றின் நாயகனை இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1984 இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இந்த வாசகர் வட்டத்தை மேலும் விரிவாக்கியது. தொலைக்காட்சியில், சப்பானியத் தொடரான ஜெயன்ட் ரோபோ, அமெரிக்க அசைவூட்டத் தொடரான ஹீ-மேன் முதலியன தூர்தர்ஷனில் காட்டப்பட்டன. ஆயினும் இவை யாவும் வெளிநாட்டுப் படைப்புகளே.

மறுபுறம், இராமாயணம் (1987–1988), மகாபாரதம் (1988–1990) ஆகிய தொடர்கள் நாடு முழுவதும் தூர்தர்ஷனுக்குப் பெரும் பார்வையாளர் கூட்டத்தை உருவாக்கியிருந்தன. இந்தி அறியாத தமிழ்நாட்டுக் குடும்பங்களும் கதை தெரிந்த காரணத்தால் இவற்றைத் தொடர்ந்து பார்த்தன. மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்துப் புகழ்பெற்றவர் முகேஷ் கன்னா. அதே தொடரில் துரோணராக நடித்த சுரேந்திர பால், பின்னர் சக்திமானில் முதன்மை எதிரியாக நடித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வகையில், புராணத் தொடர்களின் மரபையும் அயல்நாட்டு மீநாயகக் கதைகளின் வடிவத்தையும் இணைத்த படைப்பாகச் சக்திமானைக் கொள்ளலாம்.

கதை

சூரியான்ஷிகள் எனப்படும் தவசிகள் எழுவர், உலகில் பெருகிவரும் தீமையை எதிர்க்கத் தகுதியான ஒருவனைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவன் தவத்தாலும் யோகத்தாலும் குண்டலினி ஆற்றலை எழுப்பி, உடலின் ஏழு சக்கரங்களையும் தன்வயப்படுத்தி, ஐம்பூதங்களின் வலிமையைப் பெற்றுச் சக்திமான் ஆகிறான். அயல்நாட்டு மீநாயகர் பலர் வேற்றுக்கோளில் பிறந்தோ, அறிவியல் விபத்தினாலோ ஆற்றல் பெறுவர். சக்திமானின் ஆற்றலோ பயிற்சியாலும் ஒழுக்கத்தாலும் வருவதாகக் காட்டப்படுகிறது. இவ்வேறுபாடு பின்னர் எழுந்த சர்ச்சையிலும் முக்கியத்துவம் பெறுகிறது.

நாயகன் தன் உண்மை உருவை மறைத்து, கங்காதர் என்னும் பெயரில் ஒரு நாளிதழில் ஒளிப்படக் கலைஞனாகப் பணிபுரிகிறான். துருத்திய பற்களும் பெரிய மூக்குக் கண்ணாடியும் கொண்ட கங்காதரை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆபத்து நேரும்போது அவன் ஒரு கையை உயர்த்திப் பம்பரம்போல் சுழன்று சக்திமானாக மாறுகிறான். இருளின் ஆட்சி நிலைக்க வேண்டும் என்ற முழக்கத்தைக் கொண்ட தம்ராஜ் கில்விஷ் என்பவன் அவனுடைய முதன்மை எதிரி ஆவான்.

முக்கிய கதைமாந்தர்கள்

சக்திமான் / கங்காதர் – முகேஷ் கன்னா
கீதா விஸ்வாஸ் (செய்தியாளர்) – தொடக்கத்தில் கிட்டு கித்வானி, பின்னர் வைஷ்ணவி மகந்த்
தம்ராஜ் கில்விஷ் – சுரேந்திர பால்
டாக்டர் ஜைக்கால் (தீய அறிவியலாளர்) – லலித் பரிமூ

ஒளிபரப்பு

தூர்தர்ஷனின் தேசிய அலைவரிசையில், விளம்பரதாரர் ஆதரவு நிகழ்ச்சி என்ற முறையில் இத்தொடர் ஒளிபரப்பானது. இம்முறையில் தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்குத் தூர்தர்ஷனிடம் கட்டணம் செலுத்துவார். அந்நேரத்துக்குள் அடங்கும் விளம்பர நேரத்தை விற்றுத் தம் செலவை ஈடுசெய்து கொள்வார். பார்லே-ஜி பிஸ்கட் நிறுவனம் இத்தொடரின் விளம்பரதாரராக விளங்கியது. சிறுவர் தொடருக்குச் சிறுவர் உண்ணும் பண்டமே விளம்பரதாரராக அமைந்ததால், பிஸ்கட் பொட்டலத்தின் வழியாகவும் சக்திமான் வீடுகளுக்குள் நுழைந்தான்.

தொடக்கத்தில் சனிக்கிழமை காலையிலும் பின்னர் ஞாயிற்றுக்கிழமை நண்பகலிலும் தொடர் காட்டப்பட்டது. சனிக்கிழமை பள்ளி வேலைநாளாக இருந்த இடங்களில் சிறுவர்களுக்கு அந்நேரம் இடையூறாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிய பின்னர் அத்தடை நீங்கியது. ஒளிபரப்புக் கட்டணம் படிப்படியாக உயர்த்தப்பட்டதே தொடரை நிறுத்துவதற்குக் காரணம் என முகேஷ் கன்னா பிற்காலப் பேட்டிகளில் கூறியுள்ளார்.

தூர்தர்ஷன் தரைவழி ஒளிபரப்பு என்பதால் வீட்டுக் கூரையில் ஓர் அலைவாங்கி (ஆண்டெனா) இருந்தாலே தொடரைக் காண முடிந்தது. 1993 இல் சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்ட பின்னர் தமிழ்நாட்டு நகரங்களில் கேபிள் இணைப்பு பரவியது. எனினும் அவ்விணைப்பு எட்டாத ஊர்களிலும், அதற்கு மாதக் கட்டணம் செலுத்த இயலாத வீடுகளிலும் தூர்தர்ஷனே ஒரே அலைவரிசையாக நீடித்தது. அவ்வீடுகளின் சிறுவர்களுக்குச் சக்திமான் ஒருவனே வாரந்தோறும் கிடைத்த மீநாயகன் எனலாம்.

சிறுவர்களின் வரவேற்பு

இக்காலத்தில் ஒரு தொடரின் புதிய பருவம் தொடங்கும் நாளன்றே பார்வையாளர் கருத்துகள் உலகெங்கும் பரவி விடுகின்றன. 1997 இல் அத்தகைய வசதி கிடையாது. பார்வையாளர் எதிர்வினை அஞ்சல் அட்டைகளிலும், பள்ளி இடைவேளைப் பேச்சிலும், தெரு விளையாட்டிலுமே வெளிப்பட்டது. கையை உயர்த்திச் சுழல்வது நாடெங்கும் சிறுவர் விளையாட்டாயிற்று. செந்நிறமும் பொன்னிறமும் கலந்த சக்திமான் உடை கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஒட்டுப்படங்களும் பொம்மைகளும் பரவலாகக் கிடைத்தன.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சக்திமான் சிறுவர்களுடன் நேரடியாக உரையாடும் ஒரு சிறு அறிவுரைப் பகுதி இடம்பெற்றது. கைகழுவுதல், பொய் பேசாமை, பெரியோரை மதித்தல் போன்றவை அதில் எடுத்துரைக்கப்பட்டன. தவறு செய்யும் சிறுவர் சக்திமானிடம் மன்னிப்புக் கேட்பது அப்பகுதியின் வழக்கமாகும். பெற்றோர் பலர் இத்தொடரை விரும்பியதற்கு இப்பகுதி ஒரு காரணமாகும். ஆயினும், கதைக்குள் இருந்த நாயகன் கதைக்கு வெளியே வந்து "நீங்கள்" என்று பேசியது, அவன் உண்மையானவன் என்ற எண்ணத்தை இளஞ்சிறாரிடம் வலுப்படுத்தியிருக்கக் கூடும்.

விபத்துச் செய்திகளும் சர்ச்சையும்

தொடர் புகழ்பெற்ற 1990களின் இறுதியில், ஆபத்தை வலிந்து தேடிக்கொண்டால் சக்திமான் வந்து காப்பாற்றுவான் என நம்பிச் சிறுவர் சிலர் உயிருக்கு ஊறு விளைவித்துக் கொண்டதாக நாளிதழ்களில் செய்திகள் வெளிவந்தன. இச்செய்திகள் பெற்றோரிடையே அச்சத்தை ஏற்படுத்தின. தொடரைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன.

இது குறித்து இருவகைக் கருத்துகள் முன்வைக்கப்பட்டன.

தொடரை எதிர்த்தோர், கற்பனையையும் உண்மையையும் பிரித்தறிய இயலாத வயதினருக்கு இத்தகைய காட்சிகளைக் காட்டுவது பொறுப்பற்ற செயல் என்றனர். அரசுத் தொலைக்காட்சிக்கு இப்பொறுப்பு கூடுதலாக உண்டு என்பதும் அவர்கள் வாதம்.

தொடரை ஆதரித்தோர், இறப்புகளுக்கும் தொடருக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நிறுவப்படவில்லை என்றனர். நல்லொழுக்கத்தைப் போதிக்கும் தொடர் ஒன்றின்மீது, வீட்டு விபத்துகளுக்கான பழியைச் சுமத்துவது முறையன்று எனவும் அவர்கள் கூறினர். முகேஷ் கன்னாவும் குற்றச்சாட்டுகளை மறுத்தார்.

எனினும் தயாரிப்புத் தரப்பு வாளாவிருக்கவில்லை. தம் செயல்கள் யாவும் படப்பிடிப்பு நுட்பத்தால் ஆனவை, அவற்றைச் செய்துபார்க்கக் கூடாது என்று முகேஷ் கன்னா திரையில் தோன்றிச் சிறுவர்களுக்கு விளக்கினார். தாம் படைத்த நாயகன் கற்பனையே எனப் படைத்தவரே கூற நேர்ந்தது இத்தொடரின் வரலாற்றில் ஒரு முக்கிய நிகழ்வாகும். தொடர் தடை செய்யப்படவில்லை. மேலும் பல ஆண்டுகள் ஒளிபரப்பானது.

உளவியல் விளக்கம்

சுவிட்சர்லாந்து உளவியலாளர் சான் பியாசே, ஏறத்தாழ 2 முதல் 7 வயது வரையிலான பருவத்தைச் செயல்-முன் நிலை என வகுத்தார். இப்பருவத்தினர் தோற்றத்தையே உண்மையாகக் கொள்ளும் இயல்பினர். திரையில் ஒருவர் பறப்பதைக் காணும் பெரியவர், அதன் பின்னால் உள்ள நுட்பத்தை எண்ணுவார். சிறு குழந்தையோ அவர் பறந்ததை மட்டுமே காணும்.

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1961 இல் நிகழ்த்திய ஆய்வில், பெரியவர் ஒருவர் பொம்மையைத் தாக்குவதைக் கண்ட சிறுவர்கள் தாமும் அவ்வாறே தாக்கினர். படச்சுருளில் கண்ட செயலையும் சிறுவர் பின்பற்றுவர் என்பது அவரது அடுத்த ஆய்வுகளில் தெரியவந்தது. ஆயினும் சக்திமான் தொடர்பான செய்திகளில் கூறப்பட்டது வெறும் போலச்செய்தல் அன்று. நாயகனைப் போலச் செய்ய முயல்வது ஒன்று. நாயகன் வருவான் எனக் காத்திருப்பது வேறொன்று. பின்னதில் செயற்படுவது நாயகன்மீது கொண்ட முழு நம்பிக்கையாகும். யோகப் பயிற்சியால் எவரும் ஆற்றல் பெறலாம் என்ற கதை அமைப்பும், அறிந்த தெய்வங்களை ஒத்த காவலன் என்ற தோற்றமும் அந்நம்பிக்கைக்குத் துணைபுரிந்திருக்கலாம்.

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் விற்கப்படும் மீநாயக உடைகளில், இவ்வுடை பறக்கும் ஆற்றலைத் தராது என்ற பொருள்பட எச்சரிக்கை அச்சிடப்படுவது உண்டு.

ஒப்பீடு: ஹீரோஸ்

வளர்ந்த பார்வையாளர்களின் எதிர்வினை வேறு வகையானது. அதற்கு அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2006 செப்டம்பர் 25 அன்று தொடங்கிய ஹீரோஸ் தொடர் தக்க எடுத்துக்காட்டாகும். இதன் முதற்பகுதியை அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் பார்த்தனர். சென்னையைச் சேர்ந்த மரபியல் பேராசிரியர் மோகிந்தர் சுரேஷ் இதன் முக்கிய கதைமாந்தருள் ஒருவர். அப்பாத்திரத்தில் சிக்காகோவில் பிறந்த இந்திய வம்சாவளி நடிகர் செந்தில் இராமமூர்த்தி நடித்தார். மோகிந்தர் என்பது பஞ்சாப் பகுதியில் வழங்கும் பெயர் ஆதலால், சென்னைக்காரர் ஒருவருக்கு அது பொருந்தாப் பெயராகும்.

2007 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய இரண்டாம் பருவம் மெதுவாக நகர்வதாக இரசிகர்கள் குறைகூறினர். அதே ஆண்டு நவம்பரில் தொடரை உருவாக்கிய டிம் கிரிங், அக்குறைகளை இதழ் நேர்காணல் ஒன்றில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்பருவம் திரைக்கதை எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 11 பகுதிகளுடன் முடிந்தது. தொடர் 2010 இல் கைவிடப்பட்டது.

இரண்டு தொடர்களிலும் படைத்தவர் பார்வையாளருக்கு மறுமொழி கூற நேர்ந்தது. ஹீரோஸ் இரசிகர்கள் தொடரைப் போதிய அளவு நம்ப முடியவில்லை என்றனர். சக்திமானின் சிறு இரசிகர்களோ தொடரை அளவுக்கு மேல் நம்பினர்.

மறுவருகை

2011 இல் சக்திமான் அசைவூட்டத் தொடராக வெளிவந்தது. 2013 இல் முகேஷ் கன்னா நடித்த தொலைக்காட்சித் திரைப்படம் ஒன்று ஒளிபரப்பானது. கொரோனா பெருந்தொற்றை ஒட்டிய ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில் தூர்தர்ஷன் பழைய தொடரை மறு ஒளிபரப்புச் செய்தது. முன்பு சிறுவராக இருந்து பார்த்தோர், இம்முறை தம் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பைப் பெற்றனர்.

2022 பிப்ரவரியில் சோனி பிக்சர்ஸ் நிறுவனம் சக்திமானை மூன்று பாகத் திரைப்படமாக எடுக்க இருப்பதாக அறிவித்தது. நாயகனாக நடிக்க இந்தி நடிகர் ரன்வீர் சிங்கின் பெயர் பேசப்பட்டபோது, 2024 மார்ச்சில் முகேஷ் கன்னா அதனை வெளிப்படையாக எதிர்த்தார். 2024 நவம்பரில் அவரே சக்திமான் உடையில் தோன்றும் முன்னோட்டக் காணொளி ஒன்றை வெளியிட்டார். பழைய இரசிகர்கள் சிலர் மகிழ்ந்தனர். வேறு சிலர் அவருடைய வயதைச் சுட்டி, இளைய நடிகருக்கு வழிவிட வேண்டும் என்றனர். தாம் அடுத்த சக்திமானாக நடிப்பதற்காகத் தோன்றவில்லை என்றும், இளைய தலைமுறைக்கு ஒரு செய்தியைக் கூறவே வந்ததாகவும் அவர் பின்னர் விளக்கம் அளித்தார்.

தாக்கம்

குறைந்த பொருட்செலவில் எடுக்கப்பட்ட சக்திமானின் காட்சி நுட்பங்கள் இன்றைய அளவுகோலின்படி எளிமையானவை. எனினும் அயல்நாட்டுக் கதைகளைச் சாராமல், இந்தியத் தொன்மங்களிலிருந்து ஒரு மீநாயகனை உருவாக்கி, ஏழு ஆண்டுகளுக்கு மேல் நிலைநிறுத்தியது இத்தொடரின் சாதனையாகும். சிறுவருக்கான நிகழ்ச்சிகளில் எச்சரிக்கை வாசகம் போதுமா, அதைப் படிக்கத் தெரியாத வயதினருக்கு அருகில் ஒரு பெரியவர் இருக்க வேண்டாமா என்ற வினாவையும் அது எழுப்பியது. தொடர் முடிந்த பின்னரும் அவ்வினா நீடிக்கிறது.

பகுப்புகள்: இந்தியத் தொலைக்காட்சித் தொடர்கள் | தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள் | மீநாயகர்கள் | சிறுவர் தொலைக்காட்சி